கங்காணியார் வெளியே நின்ற நாள்

ரப்பரைக் கித்தா என்கிற மலாயாவில், மெர்லிமாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கித்தாத் தோட்டத்தில் நாகமுத்து கங்காணியின் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு, ஆபீசில் கிராணி எழுதுகிற எழுத்துக்குக்கூட இருந்ததில்லை. வேலை கேட்டு வருகிறவன் முதலில் அவர் வீட்டு அஞ்சடி வராந்தாவில் வந்துதான் நிற்பான். அவர் ஆளை மேலும் கீழும் பார்ப்பார். யார் மகன், அப்பனுக்கு ஊரில் எந்தப் பக்கம், கள்ளுக்கடைப் பழக்கம் உண்டா என்று விசாரிப்பார். மறுநாள் இருள் பிரிவதற்குள் ஆட்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொரையின் முன்னால் போய் நின்று, "நல்ல ஆளு தொரை, நான் பொறுப்பு" என்பார். அத்துடன் முடிந்தது. வேலைக்கு வந்தவன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே கிடையாது. திறந்தால்தான் தப்பு. பெரியவர் பேசும்போது தன் பெருமையைத் தானே எடுத்து விடுகிறவனை எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்வது?

இப்படி அவர் பேசி மரம் சீவிப் பால் வெட்ட வந்தவர்கள் அந்த லயத்து வரிசை வீடுகளில் பாதிக்கு மேல். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் முதல் தாம்பூலம் கங்காணியாருக்குத்தான். எதிரே நடந்து வந்தால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அவர் அதைக் கேட்டு வாங்கியதில்லை. அது அவருக்கு உரியது என்று அவரும் நினைத்தார், அவர்களும் நினைத்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருசம். அவசரகாலம் தொடங்கி நாலு வருசமாகியிருந்தது. சிதறிக் கிடந்த லயங்களைப் பிடுங்கி ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் கேட்டு மூடிவிடும். வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசியோ ஓர் உருண்டைச் சோறோ போகக் கூடாது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளின் வயிற்றுக்கு அது போய்விடும் என்று சர்க்காருக்குப் பயம். பால் வெட்டப் போகிற பெண்களைக் கேட்டில் நிறுத்தி மடியைத் தடவிப் பார்த்து அனுப்புவார்கள். பால் கலக்காத கோப்பி ஓ ஒரு போத்தலை நம்பி அவர்கள் நடுப்பகல் வரை மரத்துக்கு மரம் ஓடினார்கள். அந்த வருசம் மழையும் அதிகம். காலையில் மழை பிடித்தால் வேலை இல்லை. வேலிக்குள்ளேயே உட்கார்ந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கங்காணியாரின் ஒரே மகன் சேகரன் மலாக்கா பட்டணத்துத் தொழிற்பள்ளியில் மோட்டார் மெக்கானிக் வேலை படித்துக்கொண்டிருந்தான். விடுதியில் தங்கியிருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிறு மாலை கேட்டு மூடுவதற்குள் திரும்புவான். இரண்டு வருசப் படிப்பு முடிகிற தறுவாயில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தொரை ஒரு நாள் பெரட்டில் கங்காணியாரைக் கூப்பிட்டார்.

"உன் மகனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியுமாமே. மாசக் கடைசியில ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கு ஆள் எடுக்கிறேன். அதுவரைக்கும் அவனுக்கு வேற வேலை கிடைக்கலைன்னா இங்க வரட்டும். துப்பாக்கி கொடுக்கிறேன்."

"உத்தரவு தொரை" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவர் மனைவி ராமாத்தாளுக்கு இந்தச் செய்தி கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. போன மாதம்தான் தோட்டத்து லாரிக்குக் காவலாகப் போன இரண்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் பையன்கள் வளைவில் சுடப்பட்டுச் செத்தார்கள். அவர்களில் ஒருவன் அவள் தூக்கி வளர்த்தவன்.

"துப்பாக்கியாங்க அவனுக்கு? ஸ்பானர் புடிச்ச கையிங்க அது" என்றாள்.

"தொரை வாயால சொன்னதை நான் வேணாம்னு சொல்லவா?"

"வேணாம்னு சொல்ல வேணாங்க. மாசக் கடைசிக்குள்ள பட்டணத்துல வேல கெடச்சிடுச்சின்னு சொல்லுங்க."

அதுதான் அந்த வீட்டின் கவலை. மாதக் கடைசிக்குள் சேகரனுக்குப் பட்டறை ஒன்றில் வேலை பழகும் ஆளாகச் சேர இடம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் காக்கிச் சட்டை.

அந்தச் சனிக்கிழமை வந்த சேகரன் ஒரு விநோதமான செய்தியோடு வந்தான். பள்ளியில் அல்போன்ஸ் மாஸ்டர் கடைசி வருசப் பையன்களுக்கு வேலை கேட்கப் பழக்குகிறாராம். எஞ்சினைக் கழற்றி மாட்டத் தெரிந்தால் மட்டும் போதாதாம். முதலாளி முன்னால் நாற்காலியில் நேராக உட்கார வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல வேண்டும். வீட்டிலும் யாரையாவது முதலாளி மாதிரி உட்கார வைத்துப் பழகிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.

"அப்பா, நீங்க..." என்று இழுத்தான்.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு சாய்வு நாற்காலி. அதில் கங்காணியாரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போது சேகரன் சுவரோரம் நின்றுதான் பேசுவான்.

"என் முன்னால நீ கால் மேல கால் போட்டு உக்காரணும். நான் உன்னைக் கேக்கணும். அதானே?"

"கால் மேல கால் இல்லப்பா. சும்மா உக்காந்து..."

"இந்தக் கூத்துக்கெல்லாம் வேற ஆளைப் பாரு."

ராமாத்தாள்தான் அந்த வேற ஆள். முறத்தில் நெத்திலியைக் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தவள் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரிடா, நான்தான் தொரை. உக்காரு. ஏண்டா, ஒனக்கு என்னா வேல தெரியும்?"

"பெட்ரோல் எஞ்சின், டீசல் எஞ்சின் ரெண்டும் கழட்டி மாட்டுவேன் சார். கியர் பாக்ஸ் பாப்பேன். பிரேக் பாப்பேன்."

"நெத்திலி தல கிள்ளுவியா?"

"அம்மா!"

"தொரைய அம்மாங்கறான் பாரு. போடா, ஒனக்கு வேல இல்ல."

இருவரும் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது. உள்ளே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த கங்காணியாருக்கும் கேட்டது. தாயும் மகனும் தொரை விளையாட்டு விளையாடுகிற வீடாகிவிட்டதே என்று அவருக்குக் கசந்தது.

மறு வாரம் பட்டணத்தில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் பேட்டி. பையனுக்கு இருபத்தொரு வயது ஆகவில்லை என்பதால் ஒப்பந்தத்தில் தகப்பன் கையெழுத்தும் வேண்டும். கங்காணியார் வெள்ளை வேட்டி, கோட்டு, ஜரிகைத் துண்டோடு கிளம்பினார். ராமாத்தாள் வழிக்குச் சோறு கட்டித் தர முடியாது. கேட்டில் பிடுங்கிவிடுவார்கள். இருட்டோடு எழுந்து இருவரையும் உட்கார வைத்து, சுடுசோற்றில் புளிக்குழம்பை ஊற்றி, கருவாட்டைச் சுட்டு வைத்தாள்.

"வயித்துலயே கொண்டு போங்க. அத எந்தப் போலீசும் தடவ முடியாது" என்றாள்.

பட்டறை மானேஜர் போர்த்துகீசிய வழியில் வந்த சட்டைக்காரர். பருத்த மனிதர். மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார். கங்காணியார் செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனார். துண்டு தானாகத் தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குப் போயிற்று.

"உட்காருங்கள்" என்று மலாயில் சொன்னார் மானேஜர்.

"இருக்கட்டும் தொரை. பரவாயில்லை."

கங்காணியார் நின்றார். மானேஜர் சேகரனைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். சேகரன் அப்பாவைப் பார்த்தான். அப்பா நிற்கிறார். அவன் கை நாற்காலியின் முதுகைத் தொட்டது, பிறகு விட்டது. அவனும் நின்றான்.

மானேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். "பஸ் ஒண்ணு நடுவழியில நின்னுபோச்சு. டிரைவருக்கு ஒண்ணும் புரியலை. நீதான் கூட இருக்கே. முதல்ல என்ன பார்ப்பே?"

சேகரனுக்கு அது தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் அதற்குள் கங்காணியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல பையன் தொரை. கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது. சொன்னதைச் செய்வான். எது நடந்தாலும் நான் பொறுப்பு."

"நான் பையனைக் கேட்டேன்."

சேகரன் தலையைக் குனிந்துகொண்டான். "கொஞ்சம் கொஞ்சம் தெரியும் சார்" என்றான்.

பிறகு மானேஜர் அதிகம் பேசவில்லை. சொல்லி அனுப்புகிறேன் என்றார். கங்காணியார் கும்பிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் மனம் நிறைந்திருந்தது. பஸ்ஸில் மகனோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் பெரட்டு முடிந்ததும் ஸ்டோர் மேஸ்திரி மருதமுத்துவிடம் வாய் விட்டுச் சொன்னார்.

"பட்டணத்துல ரெண்டு வருசம் படிச்சும் மாறல மருதமுத்து. அந்த சட்டைக்காரன் நாற்காலிய நீட்டறான். நான் நிக்கிறேன். எம் மகன் உக்காரல. உக்காரவே இல்ல."

"உங்க ரத்தம் இல்லிங்களா" என்றார் மருதமுத்து.

வேலை வேறு ஒரு பையனுக்குக் கிடைத்தது. அதைச் சொல்ல அடுத்த ஞாயிறு அல்போன்ஸ் மாஸ்டரே மோட்டார் சைக்கிளில் வந்தார். கேட்டில் அடையாளக் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே வரும்போது நல்ல மழை. தொப்பலாக நனைந்துவிட்டார். மெலிந்த மனிதர். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கு வருவதற்கு முன்னால் பட்டறைகளில் வேலை பார்த்தவர். சேகரன் துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே அஞ்சடியில் போய் நின்றுகொண்டான். ராமாத்தாள் கோப்பியும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பாலும் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடுங்க மாஸ்டர். ஒங்கள நம்பித்தான் புள்ளைய விட்டிருக்கோம்."

"நானும் நம்பித்தான் அனுப்பினேம்மா. என் கிளாசில மொத ஆளு அவன். கண்ணைக் கட்டி விட்டாலும் கார்புரேட்டரைப் பிரிச்சு மாட்டிடுவான்." கங்காணியார் பக்கம் திரும்பினார். "கங்காணியாரே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. அந்த ரூம்ல யாரு வேல கேட்டது? நீங்களா, அவனா?"

"அவனுக்காக நான் கேட்டேன். அதுதானே முறை?"

"அங்க அது முறை இல்லலா. நான் அந்த மானேஜரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நடுரோட்டுல பஸ் நின்னுட்டா இந்தப் பையன் எஞ்சினைத் திறக்க மாட்டான், அப்பனைத் தேடிக்கிட்டு ஓடுவான். இதுதான் அவர் சொன்னது."

கங்காணியாரின் முகம் கறுத்தது. வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்தார்.

"எங்க வீட்டுல அப்பன் நிக்கும்போது மகன் உக்கார மாட்டான் வாத்தியாரே. அது எங்க மானம். ஒரு பஸ் கம்பெனிக்காக அத விக்கச் சொல்றீங்களா?"

"விக்கச் சொல்லல. அவன் உங்களுக்கு மரியாதை குடுத்தான். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. எங்க அப்பா முன்னால நானும் உக்கார மாட்டேன்." அல்போன்ஸ் கோப்பியை ஒரு வாய் குடித்தார். "ஆனா கங்காணியாரே, அங்க ரெண்டு நாற்காலி இருந்துச்சே. நீங்க உக்காந்திருந்தா அவனும் உக்காந்திருப்பான் இல்லியா?"

"நானா? தொரை முன்னாலயா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ராமாத்தாள் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அல்போன்ஸ் அதைப் பிடித்துக்கொள்ளாமல் கிழங்குத் தட்டை இழுத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர். கிழங்கைச் சாப்பிட்டு முடித்து எழுந்தார்.

"பத்து பெரண்டாம்ங்கற ஊர்ல ஒரு சீன தவுக்கே சொந்தமா பட்டறை வெச்சு டிராக்டர், லாரி ரிப்பேர் பண்றாரு. வர்ற வியாழக்கிழமை ஒரு பையனைப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. அதுதான் கடைசி இடம். அனுப்பறதுன்னா அனுப்புங்க. இல்லேன்னா இங்க துப்பாக்கி இருக்கே."

மறுநாள் மழை விட்டிருந்தது. பெரட்டு முடிந்ததும் தொரை பங்களா வராந்தாவுக்கு வரச் சொல்லியிருந்தார். கங்காணியார் படிக்குக் கீழே நின்றார். தொரை பிரம்பு நாற்காலியில் சாய்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மகன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார். இந்த வாரம் தெரியும் தொரை என்றார் இவர். மேற்குப் பக்கத்து மர நிரையில் வடிகால் வெட்ட வேண்டும் என்றார் தொரை. உத்தரவு தொரை என்றார் இவர். பேச்சு முடியும் வரை தொரை ரொட்டியைப் பார்த்தே பேசினார். இத்தனை வருசமாக இதே படிக்குக் கீழே நின்றிருக்கிறார். ஒருநாளாவது தொரை நம் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறாரா என்று யோசித்தபடியே திரும்பி நடந்தார். நினைவுக்கு எதுவும் வரவில்லை. பங்களாச் சரிவில் இறங்கும்போது துண்டு இன்னும் கக்கத்திலேயே இருப்பது தெரிந்தது. எடுத்துத் தோளில் போட்டார்.

சேகரனை அந்த வாரம் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நிறுத்தியிருந்தார். பால் எடை போட்டு ஆட்கள் திரும்பிய பிறகு, குளித்து, கஞ்சி குடித்து, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். உள்ளே குரல் கொடுத்தார்.

"ராமாத்தா, அந்த மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கொண்டா."

அவள் கொண்டுவந்து வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"சேகரா, உக்காரு."

அவன் நின்றான்.

"உக்காருடா."

பெட்டியின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான். முதுகு வளைந்திருந்தது. பதினெட்டு வயதில் முதல் தடவையாக அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவன் காது மடல் சிவந்தது.

"நிமிந்து உக்காரு. என்னைப் பாரு. நான் உங்கப்பன் இல்ல, தவுக்கே." கங்காணியார் குரலை மாற்றிக்கொள்ள முயன்றார், வரவில்லை. தன் குரலிலேயே கேட்டார். "லாரி நடுவழியில நின்னுபோச்சு. என்ன பாப்ப?"

"மொதல்ல டேங்க்ல எண்ணெய் இருக்கான்னு பாப்பேன். இருந்தா அது எஞ்சினுக்கு வருதான்னு குழாயக் கழட்டிப் பாப்பேன். வந்தா, பிளக்குல நெருப்புப் பொறி வருதான்னு பாப்பேன். இந்த மூணுல ஒண்ணுதான் பெரும்பாலும்."

"பாத்துட்டு?"

"நானே சரி பண்ணிடுவேன்."

"உன்னால முடியுமா?"

அவன் பார்வை தரைக்குப் போயிற்று. "கொஞ்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு நிமிர்ந்தான். "முடியும் சார்."

ராமாத்தாள் கதவோரம் அடுக்கிய பாத்திரங்களைத் தேவையில்லாமல் மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தாள். கங்காணியார் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். அடுத்த கேள்வியை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"உங்கப்பா தோட்டத்துல பெரிய கங்காணியாமே. அவரு ஒரு வார்த்தை சொன்னா அங்கயே வேல கெடைக்கும். அத விட்டுட்டு இங்க எதுக்கு வந்த?"

சேகரன் கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தான்.

"சொல்லு. கேட்டா சொல்லணும்னுதானே பழகிக் குடுத்தாங்க."

"எங்கப்பா ஒருத்தருக்கு வேல வாங்கிக் குடுத்தா..." குரல் மிகவும் தணிந்திருந்தது. "அந்த ஆளு சாகற வரைக்கும் எங்கப்பாவுக்குக் கட்டுப்பட்டவன். அவரு நல்லவருதான். யாரையும் ஏச மாட்டாரு. ஆனா அந்த ஆளு அவரைப் பாத்தா சைக்கிளை விட்டு எறங்கணும். எனக்கு யாருக்கும் எறங்காத வேல ஒண்ணு வேணும் சார்."

"சத்தமாச் சொல்லு. தவுக்கேவுக்குக் காது மந்தம்."

"அப்பா..."

"சத்தமா."

சேகரன் கண்கள் கலங்கின. ஆனால் பார்வையை எடுக்கவில்லை. "யார் சிபாரிசும் இல்லாம, என் கைய நம்பி ஒரு வேல வேணும் சார். அதுக்குத்தான் வந்தேன்."

"உங்கப்பன் சிபாரிசும் வேணாமா?"

"எங்கப்பாவோடதும் வேணாம் சார்."

பாத்திரச் சத்தம் நின்றது. கங்காணியாரின் கை நாற்காலிச் சட்டத்தைப் பிடித்தது. எழுந்து அடித்துவிடுவாரோ என்று ராமாத்தாள் ஓரடி முன்னால் வந்தாள். அவர் எழவில்லை.

"இதையே அங்கயும் சொல்லு. தடுமாறாமச் சொல்லு" என்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை பத்து பெரண்டாமுக்குப் போனார்கள். மலாக்காவில் பஸ் மாறி, விமானத் திடலுக்குப் போகும் சாலையில் இறங்கி நடந்தார்கள். வெயில் கொளுத்தியது. தவுக்கேயின் பட்டறை நாலு பக்கமும் திறந்த பெரிய தகரக் கொட்டகை. பிரித்துப் போட்ட டிராக்டர்களும் எண்ணெய்ப் பீப்பாய்களுமாக இருந்தது. கொட்டகையின் ஒரு மூலையில் மேசை. அதன் இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி. தவுக்கே எண்ணெய் படிந்த பனியனோடு உட்கார்ந்து கிண்ணத்தில் மீ நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"மாரி, மாரி" என்று மலாயில் வரச்சொல்லி இருவரையும் கையால் அழைத்தார்.

சேகரன் அப்பாவைப் பார்த்தான்.

"நீ போ" என்றார் கங்காணியார். "கையெழுத்து வேணும்னா கூப்பிடு. நான் இங்கயே நிக்கிறேன்."

"வெயிலா இருக்குப்பா."

"நான் பாக்காத வெயிலா. போ."

அவர் பீப்பாய்களின் பக்கத்தில், கொட்டகைக்கு வெளியே நின்றார். அங்கிருந்து சேகரனின் முதுகு தெரிந்தது. அவன் முக்காலியில் உட்கார்ந்தான். நேராக உட்கார்ந்தான். சுத்தியல் சத்தத்தில் பேச்சு எதுவும் கேட்கவில்லை. தவுக்கே கேட்கிறார். இவன் கையை ஆட்டிப் பேசுகிறான். கங்காணியாரின் தொண்டை தன்பாட்டில் செருமியது. நல்ல பையன், நான் பொறுப்பு என்கிற வார்த்தை நாக்கு வரை வந்து நின்றது. அதைச் சொல்லும்படி அங்கே யாரும் அவரைக் கேட்கவில்லை. வேலை கேட்கிற இடத்தில் தனக்கு வேலை இல்லாமல் நிற்பது அவருக்கு வாழ்நாளில் அதுதான் முதல் முறை. கால் மாற்றி நின்றார். லாரி டிரைவர் ஒருவர், மலாய்க்காரர், மர நிழலில் கிடந்த பலகையைக் காட்டி, "பாக், டுடோக் லா, உட்காருங்க" என்றார். பரவாயில்லை என்று தலையை அசைத்தார்.

தவுக்கே எழுந்து ஒரு பழைய எஞ்சினிடம் சேகரனை அழைத்துப் போனார். கழற்றச் சொன்னார். சேகரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். நெடுநேரம் ஆயிற்று. ஒரு தரம் தவுக்கே ஏதோ கத்தினார். சேகரன் தலையை ஆட்டி மறுத்து, வேறு ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினான். கங்காணியார் பீப்பாய்களை விட்டு நகர்ந்து எட்டிப் பார்த்தார். முதலாளியை எதிர்த்துப் பேசுகிறானே, போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தார். தவுக்கே குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு மூக்கால் சிரித்தார்.

"அப்பா!" என்று சேகரன் கூப்பிட்டான்.

கங்காணியார் செருப்பைக் கழற்றப் போனார். தரையெங்கும் எண்ணெயும் இரும்புத் துருவலுமாக இருந்தது. கழற்றாமலே உள்ளே போனார். மேசையில் ஒப்பந்தம் விரித்திருந்தது. முக்காலியில் உட்கார்ந்து தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்த சேகரன், அப்பா வந்ததும் துள்ளி எழுந்தான்.

"எழுந்திரிக்காதே. போட்டு முடி" என்றார்.

"நீங்க உக்காருங்கப்பா."

"உக்காருடான்னா."

தோளைப் பிடித்து அழுத்தினார். அவன் உட்கார்ந்தான். பேனாவை வாங்கிக்கொண்டார். மேசை தாழ்வாக இருந்தது. மூக்குக் கண்ணாடி வேறு இல்லை. இடுப்பை வளைத்து, தலையைத் தாளுக்கு அருகே கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக நாகமுத்து என்று எழுதினார். தகப்பன் குனிந்து நிற்க, மகனின் தலை அவர் தலைக்கு மேலே இருந்தது. சேகரன் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"உங்க மகன் பொல்லாதவன்" என்று தவுக்கே மலாயில் சொன்னார். "நான் வேணும்னே தப்பாச் சொன்னேன். தப்புன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்றான்."

மன்னிச்சிக்குங்க தவுக்கே என்ற சொல் வாய் வரை வந்தது. அவர் சொல்லவில்லை.

சேகரன் விடுதியில் இருந்த துணிமணிகளை எடுத்துக்கொண்டு மறு வாரமே பட்டறைக்குப் போய்விட்டான். தொரையிடம் விஷயத்தைச் சொன்னபோது, "அப்படியா" என்றார், அவ்வளவுதான். கான்ஸ்டபிள் வேலைக்கு வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள். ராமாத்தாள் கோயிலில் விளக்குப் போட்டாள்.

செய்தி லயம் முழுக்கப் பரவியது. கங்காணியார் பத்து பெரண்டாம் வரை போய், சீன முதலாளியிடமே பேசி, மகனுக்கு இடம் வாங்கிவிட்டார் என்று பரவியது. பட்டணத்திலும் அவர் வார்த்தை செல்லுகிறது என்று மருதமுத்து பெரட்டில் சொன்னார். கங்காணியார் வாய் திறப்பதற்குள் தொரை வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இருசம்மாள் வந்தாள். கையில் கால் கட்டிய முட்டைக் கோழி ஒன்று இருந்தது. புருசனை இழந்தவள். அந்தப் புருசனுக்கு இந்தத் தோட்டத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவர் கங்காணியார்தான். அவள் மகன் ராமையாவும் அதே தொழிற்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அடுத்த வருசம் முடிக்கிறான்.

"மாமா, ஒங்க தயவு வேணும்" என்று அஞ்சடியில் கோழியை வைத்துவிட்டு நின்றாள். "அந்த தவுக்கேகிட்ட ராமையாவுக்கும் ஒரு வார்த்தை இப்பவே போட்டு வைங்க. ஒங்க வாயால சொன்னா நடந்துடும்."

"நான் அங்க வார்த்தையே போடல இருசம்மா."

"என்னா மாமா சொல்றீங்க?"

"நான் பேசல. வெளியில நின்னுக்கிட்டிருந்தேன். வெயில்ல. அவன்தான் உள்ள போய்ப் பேசினான்."

இருசம்மாள் சிரித்தாள். "சும்மா வெளையாடாதீங்க மாமா. நீங்க வெளிய நிக்கிறதாவது, சின்னப் பய உள்ள போறதாவது."

"வெளையாட்டு இல்ல. உம் மகனும் அவனே பேசணும். அந்த மாஸ்டர் பழக்கித் தர்றாரு, கேட்டுக்கச் சொல்லு."

சிரிப்பு அவள் முகத்தில் மெதுவாக அணைந்தது. குனிந்து கோழியை எடுத்துக்கொண்டாள்.

"ஒங்க மகன்னா நெடுந்தூரம் பஸ் ஏறிப் போகலாம். எங்க மகன்னா வாய் வராதா மாமா? அவரு இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பீங்களா?"

பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கோழியை விட்டுவிட்டுக் கும்பிட்டுப் போவாள். ராமையா அவனாகவே வேலை வாங்கினாலும், அது கங்காணியார் போட்ட சோறு என்றே அவள் சாகும் வரை சொல்லுவாள். அந்த வார்த்தையை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். இன்று சொல்லவில்லை.

இருசம்மாள் இறங்கிப் போனாள். போகும் வழியெல்லாம் கோழி கத்திக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவள் நின்று நின்று ஏதோ சொல்வதும், தலைகள் இந்தப் பக்கம் திரும்புவதும் தெரிந்தது.

ராமாத்தாள் பின்னால் வந்து நின்றாள்.

"அவ நம்பலங்க."

"உண்மையத்தானே சொன்னேன்."

"எப்படி நம்புவா? நீங்க பேசாம எதுவும் நடக்காதுன்னு இத்தன வருசமா நீங்கதானே அவள நம்ப வெச்சீங்க."

கங்காணியார் அஞ்சடியில் உட்கார்ந்து வேலியைப் பார்த்தார். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் கித்தா மரங்கள் அசையாமல் நின்றிருந்தன. லயத்துப் பாதையில் ஒருவன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். கங்காணியாரைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தான், ஒரு காலைத் தரையில் ஊன்றினான். இறங்குவதா வேண்டாமா என்று தயங்கினான். அவன் இறங்குவதற்குள் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.